லிஃப்ட் மாமாவின் கன்னடம்

ரூபினிக்கு வாய் ஒன்றுதான். ஆனால் அதற்குள் ஒரு கூட்டமே குடியிருந்தது.

விசிலை வாயிலிருந்து எடுக்காமலேயே திட்டுகிற பி.டி. சார் அதில் இருந்தார். "ரைட், ரைட்" என்று சொல்லிவிட்டுத் தான் ஏற மறந்து, பஸ்ஸின் பின்னால் ஓடுகிற கண்டக்டர் இருந்தார். மல்லேஸ்வரம் மார்க்கெட்டில் ஒரு கொத்தமல்லிக் கட்டுக்காகக் கடைக்காரரின் ஏழு தலைமுறையையும் விசாரிக்கிற மாமி இருந்தார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் வந்தால் போதும், ஒவ்வொருவராக வெளியே வருவார்கள்.

ஆறாம் வகுப்பு 'பி' பிரிவுக்கு அது தையல் பீரியட். அல்போன்சா மிஸ் ஊசியையும் நூலையும் கொடுத்துவிட்டு, "பொத்தான் தைச்சு முடிச்சவங்க ரூபினியைப் பார்க்கலாம்" என்பார். உடனே பொத்தான்கள் மின்னல் வேகத்தில் தைக்கப்படும். பாதிப் பொத்தான்கள் வீடு போய்ச் சேர்வதற்குள் விழுந்துவிடும் என்பது வேறு விஷயம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என்ன நடக்கப்போகிறது என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். கண்டக்டர் இன்றைக்கும் பஸ்ஸைத் தவறவிடுவார். மாமி இன்றைக்கும் கொத்தமல்லி வாங்காமலேயே திரும்புவார். ரூபினி வாயைத் திறப்பதற்குள் முன்பெஞ்சில் யாராவது அந்த வசனத்தை முணுமுணுத்துவிடுவார்கள். அப்படியும் அவள் அதைச் சொல்லும்போது வகுப்பே குலுங்கும். தெரிந்த ஆள் மறுபடியும் வந்துவிட்டார் என்கிற சந்தோஷம் அது.

ரூபினிக்கும் அந்தச் சிரிப்பு தேவைப்பட்டது. பெங்களூர் மல்லேஸ்வரத்தில் இருந்த அந்தப் பள்ளியில் முக்கால்வாசிப் பிள்ளைகள் கன்னடக்காரர்கள். ரூபினியின் வீடு ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. சேர்ந்த புதிதில் அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். கண்டக்டர் முதன்முதலாகப் பஸ்ஸைத் தவறவிட்ட அன்றுதான் சௌம்யா தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன் பிறகு மதியச் சாப்பாட்டுக்கு ரூபினியைச் சுற்றி ஒரு வட்டமே கூடியது.

ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, கண்டக்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ கொட்டாவி விட்டார்கள். ரூபினிக்குப் பகீர் என்றது.

"வேற ஆள் யாரும் இல்லையா?" என்று சௌம்யா கன்னடத்தில் கேட்டாள்.

"இருக்காங்களே!" என்று சொல்லிவிட்டாள் ரூபினி. உண்மையில் யாரும் இல்லை. எல்லாரும் அவளையே பார்த்தார்கள். அவள் பயந்துபோய் வாயைத் திறந்தாள். உள்ளேயிருந்து அப்பா வந்துவிட்டார்.

ரூபினியின் அப்பா கோவிந்தன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிறவர். திருப்பத்தூர் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வேலை தேடி வந்தவர். வந்து பல வருடங்கள் வரை தமிழிலேயே காலத்தை ஓட்டிவிட்டார். பிறகு 1991-இல் ஆற்றுத் தண்ணீருக்காக ஊரில் பெரிய கலவரம் நடந்தது. தமிழ் பேசுகிறவர்கள் தெருவில் வாய் திறக்கவே பயந்தார்கள். அன்றைக்கு ஒரு கன்னட நர்ஸம்மாதான் அப்பாவைத் தன் தம்பி என்று சொல்லி, ஆஸ்பத்திரியிலிருந்து பத்திரமாக வீடுவரை கூட்டிவந்து விட்டுப் போனார்.

அதற்கப்புறம் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். "இந்த ஊரு சோறு திங்கறோம். இந்த ஊரு பேச்சைப் பேச வேணாவா?" என்றார். மறுநாளிலிருந்து லிஃப்டுக்குள் கன்னடம்தான்.

அப்பாவுக்குக் கன்னடம் வந்ததோ இல்லையோ, தைரியம் வந்துவிட்டது. தெரிந்த கன்னடம் தீர்ந்துபோனால், ஒரு தமிழ்ச் சொல்லைப் பிடித்து அதன் வாலில் கன்னடத்தை ஒட்டவைத்துவிடுவார். லிஃப்டைப் பார்த்து மிரளுகிற கிராமத்து அம்மாக்களிடம் கையை நீட்டி, "பதறபேடி அம்மா! இது ஒந்து ஊஞ்சல் அஷ்டே! கயிறு கெட்டி இதெ!" என்பார். பதறாதீர்கள், இது ஒரு ஊஞ்சல் அவ்வளவுதான், கயிறு கெட்டியாக இருக்கிறது என்று அர்த்தம். லீவு நாட்களில் சாப்பாடு கொண்டுபோகும்போது ரூபினி இதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் செய்ததும் அதைத்தான். தோளைக் கொஞ்சம் தூக்கினாள். இரும்புக் கதவை 'கிறீச்' என்று இழுத்தாள். கையை நீட்டினாள். "பதறபேடி அம்மா! இது ஒந்து ஊஞ்சல் அஷ்டே!"

வகுப்பு ஒரு கணம் திகைத்தது. பிறகு வெடித்தது. பெஞ்சில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். இதென்ன கன்னடம் என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். சௌம்யாவுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"யாருடீ அது?" என்றாள் சௌம்யா.

"அது... ஒரு ஆஸ்பத்திரியில பார்த்தேன்" என்றாள் ரூபினி.

சொல்லும்போது நெஞ்சுக்குள் முள் குத்தியது போல இருந்தது. ஆனால் சிரிப்புச் சத்தத்தில் அது மறந்துபோயிற்று. அன்றிலிருந்து கண்டக்டரும் மாமியும் பின்னுக்குப் போனார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் லிஃப்ட் மாமா வந்தார். வாரத்துக்கு வாரம் அவருடைய கன்னடம் இன்னும் மோசமானது. அப்பா சொல்லாத தப்புகளையும் ரூபினியே கண்டுபிடித்துச் சேர்த்தாள்.

பிப்ரவரியில் பள்ளி ஆண்டு விழா வந்தது.

"நம்ம வகுப்பு சார்பா ரூபினிதான்" என்று அல்போன்சா மிஸ் சொல்லிவிட்டார். ரூபினி கண்டக்டரையும் மாமியையும் மட்டும் செய்வதாகப் பெயர் கொடுத்தாள். பி.டி. சாரைச் செய்ய முடியாது, அவர்தான் மேடைக்குத் திரை இழுக்கிறவர். லிஃப்ட் மாமாவைச் செய்ய அவளுக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அப்பா வருகிறார்.

அப்பா வந்தார். டியூட்டியிலிருந்து நேராக, காக்கிச் சட்டையோடு வந்தார். கடைசி வரிசையில், மற்ற அப்பாக்களிடமிருந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். மேடையின் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்த ரூபினிக்குக் கையை ஆட்டினார்.

கண்டக்டர் ஓடினார். சிரித்தார்கள். மாமி சண்டை போட்டார். கைதட்டினார்கள். அப்பா மற்றவர்களுக்கு முன்பே தட்டிவிட்டு, பக்கத்தில் இருப்பவர்களைத் திரும்பிப் பார்த்தார். தன் பெண் என்று சொல்லவேண்டும் போல அவருக்கு இருந்திருக்க வேண்டும்.

ரூபினி வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பினாள். அப்போதுதான் முன்வரிசையில் சௌம்யா எழுந்து கத்தினாள்.

"லிஃப்ட் மாமா!"

ஆறாம் வகுப்பு 'பி' முழுவதும் சேர்ந்துகொண்டது. "லிஃப்ட் மாமா! லிஃப்ட் மாமா!" மற்ற வகுப்புகளும் தொற்றிக்கொண்டன. அல்போன்சா மிஸ் சிரித்துக்கொண்டே, "சரி, செஞ்சிடும்மா" என்று ஜாடை காட்டினார்.

ரூபினி கடைசி வரிசையைப் பார்த்தாள். அப்பாவும் கைதட்டிக்கொண்டு, "லிஃப்ட் மாமா! லிஃப்ட் மாமா!" என்று கூட்டத்தோடு கத்திக்கொண்டிருந்தார். அவருக்கு என்ன தெரியும்? தன் வேலையைப் பற்றி மகள் ஏதோ செய்யப்போகிறாள் என்று அவருக்கு அத்தனை பூரிப்பு.

முடியாது என்று ரூபினி சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் கூப்பிடும்போது எப்படிச் சொல்வது?

அவள் தோளைத் தூக்கினாள். கதவை இழுத்தாள். "பதறபேடி அம்மா..."

மண்டபம் அதிர்ந்தது. பெரியவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பாவின் கைகள் தட்டுவதற்காக விரிந்த இடத்திலேயே நின்றன. அவர் தன் காக்கிச் சட்டையை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு மறுபடியும் தட்டினார். எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார்.

அதைப் பார்த்த பிறகு ரூபினிக்கு மற்றவர்களின் கைதட்டல் எதுவுமே காதில் விழவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. "நல்லா செஞ்ச கண்ணு. எல்லாரும் எப்படிச் சிரிச்சாங்க பார்த்தியா?" என்றார்.

ரயில் பாலத்துக்குப் பக்கத்தில் கடலை விற்கிறவரிடம் நின்றார். எப்போதும் அவரோடு கன்னடத்தில் மழை, வெயில் எல்லாம் பேசிவிட்டுத்தான் அப்பா கடலை வாங்குவார். அன்று ஒரு பொட்டலம் வேண்டும் என்று ஒற்றை விரலைக் காட்டினார். கடலைக்காரர் ஏதோ விசாரித்தார். அப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

பொட்டலத்தைப் பிரித்து ரூபினியின் கையில் கொடுத்தார். அவள் கடலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள்.

அதற்கடுத்த நாட்களில் வீட்டிலும் அப்பாவின் பேச்சு குறைந்துவிட்டது. அம்மா சரளா, வீட்டிலிருந்தபடியே ஊதுபத்தி உருட்டுகிற வேலை செய்கிறவள். கை வேலையில் இருந்தாலும் கண் எல்லாவற்றையும் பார்த்துவிடும்.

"இன்னாங்க, வாயைத் தச்சு வச்சிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"தொண்டை சரியில்ல" என்றார் அப்பா.

அம்மா மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு சொட்டு விடாமல் குடித்தார். அப்பாவின் தொண்டைக்கு ஒன்றும் இல்லை என்று ரூபினிக்குத் தெரியும். சொல்லத்தான் முடியவில்லை.

சனிக்கிழமை அரைநாள்தான் பள்ளி. "அப்பாவுக்குச் சாப்பாடு குடுத்துட்டு வா. இந்த ரசத்தைச் சுடச்சுடக் குடிக்கச் சொல்லு, தொண்டைக்கு நல்லது" என்று அம்மா கேரியரைக் கையில் கொடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஃபினாயில் வாசனை அடித்தது. லிஃப்டின் முன்னால் கூட்டம் நின்றது. அது பழைய லிஃப்ட். மடக்கி இழுக்கிற இரும்புக் கதவு. உள்ளே ஒரு மூலையில் முக்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருப்பார்.

ரூபினிக்கு முதலில் வேறு ஏதோ லிஃப்டுக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றியது. எப்போதும் அப்பாவின் குரல் வராந்தா முனையிலேயே கேட்கும். இன்றைக்குக் கதவு கிறீச்சிடுவது மட்டும் கேட்டது. "எலும்பு வார்டு எந்த மாடி?" என்று ஒருவர் கன்னடத்தில் கேட்டார். அப்பா இரண்டு விரலைக் காட்டினார். "ரத்தப் பரிசோதனை?" ஒரு விரல். லிஃப்டுக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

கேரியரோடு ரூபினி உள்ளே போய் அப்பா பக்கத்தில் நின்றாள். அவர் அவள் தலையைத் தொட்டுவிட்டுக் கதவை இழுக்கப் போனார்.

வெளியே ஒரு அம்மா நின்றாள். பாதமெல்லாம் செம்மண். ஒரு பிளாஸ்க்கை மார்போடு அணைத்திருந்தாள். உள்ளே ஒரு காலை வைத்தாள். லிஃப்டின் தரை லேசாக ஆடியது. வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

"வர்றதுன்னா வாம்மா, இல்லன்னா படியில போ!" என்று உள்ளேயிருந்து ஒருவர் கன்னடத்தில் சிடுசிடுத்தார்.

அவளுடைய ஒரு முழங்கால் வீங்கித் துணி சுற்றியிருந்தது. படியில் எப்படிப் போவாள்? அப்பாவின் கை மெல்ல எழுந்தது. உதடு அசைந்தது. அவர் பேசப்போகிறார் என்று ரூபினி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா உள்ளே இருந்தவர்களைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். கதவை இழுத்து மூடினார். லிஃப்ட் அந்த அம்மாவை விட்டுவிட்டு மேலே போனது.

கம்பிகளுக்கு நடுவே அந்த முகம் கீழே போய் மறைவதை ரூபினி பார்த்தாள். அப்பாவிடமிருந்து தான் எதை எடுத்துக்கொண்டோம் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. எல்லாரும் சிரிக்கட்டும் என்று எடுத்துக்கொண்டாள். இப்போது அது அப்பாவிடம் இல்லை.

லிஃப்ட் திரும்பிக் கீழே வந்தது. அந்த அம்மா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். புதிதாக ஏற வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

ரூபினி கேரியரைத் தரையில் வைத்தாள். கதவருகே போனாள். கையை நீட்டினாள். அப்பா எப்படி நீட்டுவாரோ அப்படியே, உள்ளங்கை மேலே பார்க்க நீட்டினாள்.

"பதறபேடி அம்மா" என்றாள். அப்பாவின் குரல்தான். அவள் சேர்த்த தப்புகள் எதுவும் அதில் இல்லை. "இது ஒந்து ஊஞ்சல் அஷ்டே. கயிறு கெட்டி இதெ."

இத்தனை சின்னப் பெண்ணிடமிருந்து இப்படி ஒரு குரலா என்று அந்த அம்மா பார்த்தாள். உலர்ந்த உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. கையை நீட்டினாள். அந்தக் கை சில்லென்று இருந்தது.

லிஃப்ட் ஏறியது. அந்த அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ரூபினி கையை விடவில்லை. "ஒந்து... எரடு... மூரு..." என்று ஒவ்வொரு மாடியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். யாரும் சிரிக்கவில்லை. அப்பா திரும்பாமல் பொத்தான்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாவது மாடியில் அந்த அம்மா இறங்கினாள். "நீ யார் பொண்ணும்மா?" என்று கன்னடத்தில் கேட்டாள்.

"இவரோட பொண்ணு" என்று ரூபினி அப்பாவைக் காட்டினாள். "இந்தப் பேச்சும் இவரோடதுதான்."

அப்பா கதவை இழுத்து மூடினார். லிஃப்ட் ஏறியது, இறங்கியது. ரசம் ஆறிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து நாலாவது மாடியிலிருந்து மணி அடித்தது. கதவைத் திறந்தால் அதே அம்மா நின்றாள். ஒரு நர்ஸ் அவள் தோளைப் பிடித்திருந்தார். பிளாஸ்க் இன்னும் மார்போடுதான் இருந்தது, திறக்கவே இல்லை.

"இவங்க வீட்டுக்காரர் விடியற்காலையிலேயே போயிட்டார். கிராமத்துக்குத் தகவல் போறதுக்குள்ள இவங்க பஸ் ஏறிட்டாங்க. தம்பி கீழ இருக்காராம், அவர்கிட்ட விட்டுடுங்க கோவிந்தன்" என்று நர்ஸ் மெதுவாகச் சொன்னார்.

அந்த அம்மா இந்த முறை பயப்படவே இல்லை. எதில் ஏறுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. லிஃப்ட் இறங்கத் தொடங்கியதும் சுவரில் சாய்ந்துகொண்டு அழுதாள்.

ரூபினி அவள் கையைப் பிடித்தாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. கண்டக்டரிடம் இதற்கு ஒரு சொல் இல்லை. மாமியிடம் இல்லை. அவள் செய்த லிஃப்ட் மாமாவிடமும் இல்லை. ரூபினிக்கே அழுகை வந்துவிட்டது.

அப்பா எழுந்தார். தன் முக்காலியை நகர்த்தி அந்த அம்மாவை உட்காரவைத்தார்.

"அவசரா இல்லா அம்மா" என்றார். குரல் கரகரத்தது. "நீவு அழுது முகிசி. ஆமேலே மெதுவாகி ஓகோணா."

அவசரம் இல்லை, நீங்கள் அழுது முடியுங்கள், அப்புறம் மெதுவாகப் போகலாம். பாதி தமிழ், பாதி கன்னடம். ஆனால் அந்த அம்மா தலையை ஆட்டினாள். அவளுக்கு எல்லாம் புரிந்தது.

லிஃப்ட் கீழே வந்து நின்றது. வெளியே நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள். "ஐது நிமிஷா!" என்று அப்பா அவர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு அந்த அம்மாவின் பக்கத்தில் தரையில் குந்தி உட்கார்ந்தார். "லிஃப்ட் எல்லூ ஓகல்லா அம்மா. நானும் எல்லூ ஓகல்லா." லிஃப்டும் எங்கேயும் போகாது, நானும் எங்கேயும் போகமாட்டேன்.

அந்த அம்மா அழுது முடிக்கும்வரை அவர் அப்படியே இருந்தார். வெளியே நின்றவர்கள் கம்பி வழியாகப் பார்த்துவிட்டுத் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அவளுடைய தம்பி வந்தபோது அப்பாதான் கதவைத் திறந்து அவளைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிப்போனார்.

அன்று மதியம் அப்பாவும் மகளும் லிஃப்ட் பக்கத்து ஜன்னலோரம் உட்கார்ந்து ஆறிப்போன சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள்.

"அப்பா, என்னை மன்னிச்சுக்கோப்பா" என்றாள் ரூபினி.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "தப்புத் தப்பாதான் பேசறேன்னு எனக்கும் தெரியும் கண்ணு. ஆனா கேக்கறவங்களுக்கு அவ்ளோ சிரிப்பா இருக்கும்னு தெரியாது. அன்னிக்கு மண்டபத்துல பார்த்தேன் இல்ல... அதுக்கப்புறம் வாயைத் தொறந்தாலே அந்தச் சத்தம்தான் கேட்டுச்சு."

ரூபினி தேம்பித் தேம்பி அழுதாள். அப்பா இடது கையால் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. அது பரவாயில்லை என்று சொல்லக்கூடிய விஷயமா?

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடில் பொத்தான்கள் எல்லாம் தைத்தாயிற்று. "லிஃப்ட் மாமா!" என்றது வகுப்பு.

ரூபினி கரும்பலகை முன்னால் போய் நின்றாள். தோளைத் தூக்கவில்லை. "லிஃப்ட் மாமாவை நான் சும்மா ஒரு ஆஸ்பத்திரியில பார்க்கலை. அவர் எங்க அப்பா" என்று கன்னடத்தில் சொன்னாள். "ஆண்டு விழாவுக்கு வந்திருந்தார். காக்கிச் சட்டை போட்டுக்கிட்டுக் கடைசி வரிசையில உட்கார்ந்திருந்தார்."

நர்ஸம்மா அப்பாவைக் காப்பாற்றியதை ரூபினி சொன்னாள். பிளாஸ்க் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். முக்காலியைச் சொன்னாள். அப்பா என்ன பேசினாரோ அதை அப்படியே, அவர் குரலிலேயே சொன்னாள். அல்போன்சா மிஸ் ஊசியைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

அவள் பெஞ்சுக்குத் திரும்பியதும், "நாங்க சிரிச்சது அவருக்குக் கேட்டிருக்குமா?" என்று சௌம்யா சின்னக் குரலில் கேட்டாள்.

"கேட்டுச்சு" என்றாள் ரூபினி.

சௌம்யா தலையைக் குனிந்துகொண்டாள். பையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவாள் என்று ரூபினி நினைத்தாள். அவள் நகரவில்லை. மணி அடிக்கும்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது ரூபினி எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னாள். "இனிமே உன்னை மாதிரி செய்யவே மாட்டேன்ப்பா" என்றாள்.

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு எழுந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டி அதன் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டார். இரண்டு கையாலும் தன் பாதி வழுக்கைத் தலையில் பின்னலைப் பிரித்துப் பிரித்துப் போட்டார். பாவாடை தடுக்குவது போலத் தத்தித் தத்தி அறையைச் சுற்றினார். பாயைத் தூக்கிப் பார்த்தார். சோற்றுப் பானையைத் திறந்து பார்த்தார். பல்லில் துண்டோடு, கீச்சுக் குரலில், "அம்மா! என் ரிப்பன் எங்கம்மா? யாரும்மா எடுத்தது? பெல் அடிச்சிடும்மா!" என்று அலறினார்.

அம்மாவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. "ஐயோ, இவளேதான்! அப்படியே இவளேதான்!"

ரூபினிக்கு முதலில் சுருக்கென்றது. நானா? நான் அப்படியா செய்கிறேன்? ராத்திரி டியூட்டி முடித்து வந்த காலைகளில் அப்பா போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்குவார். தூங்குகிறார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அந்தப் போர்வைக்குள்ளிருந்து ஒரு பின்னலைக்கூட விடாமல் பார்த்திருக்கிறார்.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"நான் ஒண்ணும் அவ்ளோ கத்தறதில்ல" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"கத்தறே" என்றார் அப்பா, துண்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

"இன்னொரு தடவை செய்யுப்பா" என்றாள் ரூபினி.

அப்பா துண்டை மறுபடியும் பல்லில் கடித்துக்கொண்டார்.